36 செல்லும் ஒரே சரம், மீட்டரில் 21 வோல்ட்!

சோலார் பேனலை வீட்டிலேயே செய்துகொண்டிருக்கிறேன். 36 சோலார் செல்களைக் கம்பியால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரம் ஒரு வழியாக முடிந்தது. பெங்களூர் அல்சூர் வீட்டு மொட்டை மாடியில் உச்சி வெயிலில் கிடத்தி மீட்டரை வைத்தால் 21 வோல்ட். செல்லுக்கு 0.58, கணக்கு சரி. ரெடிமேட் பேனல் இதைவிட மலிவாச்சே என்று வீட்டில் கேட்கிறார்கள். மலிவுதான், அதுக்கென்ன இப்போ.

டேபிங், அதாவது செல்லில் தட்டைக் கம்பியைப் பற்றவைப்பது பற்றி மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், பலரும் கைவிடுவது அங்கேதான். செல் 0.2 மி.மீ. கனம்தான், அப்பளம். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செல்லின் முதுகு முழுக்க அலுமினியப் பூச்சு, சூட்டை உறிஞ்சிவிடும். நுனி ஆறிப்போகும், ஈயம் இளகட்டும் என்று நாம் அழுத்துவோம், 'டிக்' என்று ஒரு சத்தம், முடிந்தது கதை. 60 வாட், தட்டையான நுனி, பஸ்பார் (செல்லின் மேல் ஓடும் வெள்ளிப் பட்டை) மேல் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பூச்சு) ஒரு கோடு, அப்புறம் ஒரே இழுப்பு. கம்பியிலேயே ஈயப் பூச்சு இருப்பதால் தனியாக ஈயம் வைக்கவே வேண்டாம். ஈயம் மேடு தட்டினால் செல்லைக் கவிழ்க்கும்போது அந்த இடத்தில்தான் விரியும்.

கம்பி ஒரு செல்லின் மேலிருந்து இறங்கி அடுத்ததன் அடியில் போக வேண்டும். செல்லின் சிலிக்கானில் மேலடுக்கில் பாஸ்பரஸ் கலந்திருக்கும், அடியில் போரான், இரண்டும் சேரும் சந்தியில் ஒரு மின்புலம். ஒளி தட்டிவிட்ட எலக்ட்ரானை அது மேலே தள்ளுகிறது, வெள்ளி இழைகள் வாரி பஸ்பாருக்குக் கொண்டுவருகின்றன. அதனால் மேலே நெகட்டிவ், முதுகு பாசிட்டிவ். உடைந்த துண்டும் அதே வோல்ட் தரும், ஆம்பியர்தான் குறையும். ஆனால் அதைச் சரத்தில் சேர்த்தால் மொத்தச் சரமும் அந்த ஆம்பியருக்கு இறங்கிவிடும்.

நிழலும் அப்படித்தான். 12 வோல்ட் ஹெட்லைட் பல்பை மாட்டி ஒரே ஒரு செல்லை அட்டையால் மறைத்தேன், பல்பு செத்தது, மீதி 35 செல்லும் வெயிலில் சும்மா கிடந்தன. 18 செல்லுக்கு ஒரு பைபாஸ் டயோடு போடப்போகிறேன், நிழல் விழுந்த பகுதியைச் சுற்றி மின்சாரம் போக அது வழிவிடும். டயோடெல்லாம் இங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் சுலபமாகக் கிடைக்கிறது, செல்லைக் கண்ணாடியோடு ஒட்டும் இ.வி.ஏ. பிளாஸ்டிக் ஷீட் கேட்டால்தான் முழு ரோலாக வாங்கு என்கிறார்கள்.

சென்னை வெயிலுக்கு ஈடாகுமா என்று மச்சான் பீற்றுகிறார். செல் ஒரு டிகிரி சூடேறினால் 2 மில்லிவோல்ட் போச்சு, 36-க்கும் கூட்டிப் பார்க்கட்டும், எங்கள் பெங்களூர்க் குளிர்காற்றின் அருமை தெரியும்.

கண்ணாடி இன்னும் வெட்டக் கொடுக்கவில்லை, அதற்குள் பேனலிலிருந்து முடிந்த அளவு அதிக சக்தியை எடுத்து பேட்டரிக்கு அனுப்பும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெங்களூரில் யாரிடமாவது மிச்ச இ.வி.ஏ. இரண்டு மீட்டர் இருந்தால் சொல்லுங்கள், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.