அப்பாவுக்கு முதலில் கீமோ, அப்புறம்தான் அறுவை

அப்பாவின் இரைப்பையில் புற்றுநோய் என்று பயாப்சியில் தெரிந்ததும், "உடனே ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்" என்றேன். முதலில் கீமோ என்றார் அவர். கட்டியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் காத்திருப்பதா என்று பதறினேன். ஸ்கேனில் தெரியாத செல்கள் வேறெங்காவது போயிருக்கலாம். அறுவைக்குப் பிறகு உடம்பு தளர்ந்துவிட்டால் பலரால் கீமோவைத் தாங்க முடியாது. தெம்பு இருக்கும்போதே பாதியைக் கொடுத்துவிடலாம் என்று விளக்கினார். வயிற்று உறையில் பரவியிருக்கிறதா என்று லேப்ராஸ்கோபியில், அதாவது சிறு துளை வழியே கேமரா விட்டுப் பார்த்த பிறகே ஆரம்பித்தார்கள்.

நான்கு மருந்துகள் சேர்ந்த 'ஃப்ளாட்' முறை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அறுவைக்கு முன் 4 சுற்று, பின் 4 சுற்று. அதில் ஒரு மருந்து மட்டும் 24 மணி நேரம் ஏறும், அதற்காக நெஞ்சில் தோலுக்கடியில் 'போர்ட்' என்ற சின்ன மருந்தேற்றும் கருவியை வைத்தார்கள். முடி கொட்டியதை அப்பா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குளிர்ச்சிதான் அவரைப் படுத்தியது. அந்த நான்கில் ஒன்றான ஆக்சாலிபிளாட்டின் ஏறிய மறுநாள் காலை பித்தளைச் சொம்பைத் தொட்டவர், ஷாக் அடித்ததுபோல் கையை உதறினார். பச்சைத் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகியது. அதன்பின் எல்லாமே வெந்நீர்தான். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நேரம் பார்க்காமல் கிளம்பி வரச் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் சுற்றில் ஒரு நள்ளிரவு அப்படி ஓடினோம். வெள்ளணுக்கள் குறைந்திருந்தன.

நான்காம் சுற்று முடிந்து ஐந்தாவது வாரம் அறுவை. கட்டி சுருங்கியிருந்தது. இருந்தும், அது இருந்த இடம் அப்படி என்பதால் முழு இரைப்பையையும் சுற்றியிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்து, உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்தார்கள்.

உண்மையில் கஷ்டமான பாதி அதற்குப் பிறகுதான் வந்தது. எடை இறங்கிக்கொண்டே போனது. ஒரு இட்லிக்கு மேல் இறங்காது. விசேஷத்தில் ஒரு டம்ளர் பாயசம் குடித்துவிட்டு, வியர்த்துக்கொட்டி, நெஞ்சு படபடக்க உட்கார்ந்துவிட்டார். மாரடைப்போ என்று அம்மா அழுதார். இனிப்பு நேராகச் சிறுகுடலுக்குள் போவதால் வருவது என்று டாக்டர் சொன்ன பிறகே மூச்சு வந்தது. அறுவைக்கு முன்பே ஒரு டயட்டீஷியனைப் பார்த்திருக்க வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மீதி நான்கில் இரண்டு சுற்றோடு டாக்டர் நிறுத்திவிட்டார். பாதியில் விட்டுவிட்டோமே என்று அப்பா மருகினார். இந்த முறையை நிலைநாட்டி 2019-இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்விலேயே, எட்டுச் சுற்றையும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். அன்று இரவுதான் அப்பா நிம்மதியாகத் தூங்கினார்.

இப்போது நாளைக்கு ஏழு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். பி12 ஊசி ஆயுசுக்கும் உண்டு. கீமோவால் வந்த பாத மரமரப்பு இன்னும் போகவில்லை. செருப்பு கழன்றாலும் தெரியாததால், பின்பக்கம் வார் வைத்ததாக வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.