முதல் 60 அடி

கால் மைல் நேர்கோட்டு டிராக் ரேஸ்ல என் காருக்கு, ரீமேப்புக்கு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்கற கணக்க மாத்துறதுக்கு முன்னாடி 17.3 செகண்ட். ரீமேப் பண்ணி, ஏர் ஃபில்டர் மாத்தி, காஸ்ட்லி பெட்ரோல் ஊத்தி, அம்பதாயிரத்துக்கு மேல செலவு பண்ணிட்டு போய் ஓட்டுனா 16.9. பாயின்ட் நாலு செகண்டுதான் குறைஞ்சிருக்கு. அன்னைக்கு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் சர்க்யூட்லருந்து வீட்டுக்கு வர்ற வழியில ஒரு டீக்கடை ஓரமா வண்டிய நிறுத்திட்டு அந்த டைம் ஸ்லிப்ப திருப்பித் திருப்பி பாத்துட்டே இருந்தேன், டீ ஆறியே போச்சு.

வண்டி என்னன்னா ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ, 2020 மாடல், 6 கியர் மேனுவல். 999 சிசி, மூணு சிலிண்டர், டர்போ. கம்பெனி கணக்குக்கு 110 பிஎஸ் பவர், 175 என்எம் டார்க், அதாவது இழுவை. 2022ல இந்தியாவுல போலோவையே நிறுத்திட்டாங்க, அதனால இந்த வண்டி மேல எனக்கு இன்னும் கொஞ்சம் உசுரு ஜாஸ்தி. ஆயிரத்து சொச்சம் கிலோதான் வெயிட்டு, ரேஸ் குடுத்தா அப்படியே பிச்சுக்கிட்டு போகும். பின்னாடி உக்காந்தா கால் நீட்ட இடம் இருக்காதுன்னு வீட்ல எல்லாரும் சொல்வாங்க, உண்மைதான், ஆனா டிரைவர் சீட்ல உக்காந்தவனுக்கு இத விட நல்ல வண்டி அந்த விலைக்கு கிடைக்கவே கிடைக்காது.

டிராக் ரேஸ்னா தெரியாதவங்களுக்கு, கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர் கோடு, ரெண்டு வண்டி. இதுல பாக்குறதுக்கு ஒண்ணும் இல்ல, ஆக்ஸிலேட்டர மிதிச்சா போச்சுன்னு நானும் நினைச்சவன்தான். டைம் ஸ்லிப்ப ஒழுங்கா படிக்கக் கத்துக்கிட்ட அப்புறம்தான் கண்ணு திறந்துச்சு. அதுல மொத்த நேரம் மட்டும் இருக்காது, லைட்டுக்கு நீ எவ்ளோ சீக்கிரம் கிளம்புன, முதல் 60 அடிக்கு எவ்ளோ நேரம் ஆச்சு, கடைசி கோட்ட தாண்டும்போது என்ன ஸ்பீடு, எல்லாமே தனித்தனியா இருக்கும். கடைசி ஸ்பீடுதான் உன் இன்ஜின்ல நிஜமா எவ்ளோ பவர் இருக்குன்னு காட்டும். எனக்கு ரீமேப்புக்கு முன்னாடி 130, அப்புறம் 138. எட்டு கிலோமீட்டர் ஏறியிருக்குன்னா பவர் நல்லாவே வந்திருக்குன்னு அர்த்தம். அப்ப நேரம் எங்க போச்சு? 60 அடிக்கு 2.7 செகண்ட்னு போட்டிருந்துச்சு. அங்கதான் போச்சு. 60 அடின்னா வெறும் 18 மீட்டர், நம்ம தெருவுல ரெண்டு வீட்டு அகலம்.

அதுல பாயின்ட் ஒண்ணு குறைச்சா கடைசில பாயின்ட் ஒண்ணர, ரெண்டு வரைக்கும் குறையும்னு டிராக் ரேஸ் ஓட்டுறவங்க எல்லாரும் சொல்ற கணக்கு. ஏன்னா ஆரம்பத்துலயே சீக்கிரம் ஸ்பீடு எடுத்த வண்டி, மிச்ச தூரம் முழுக்க அந்த ஸ்பீடையும் சேத்து எடுத்துட்டு போகும்.

ரீமேப் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நிறைய பசங்க இதுலதான் முதல்ல போய் விழுறாங்க. ரீமேப்னா இன்ஜின் இசியூவுக்குள்ள, அதாவது இன்ஜின ஓட்டுற கம்ப்யூட்டருக்குள்ள, இருக்கற கணக்க மாத்துறது, டர்போ எவ்ளோ காத்து தள்ளணும், எவ்ளோ பெட்ரோல் போகணும், ஸ்பார்க் எப்ப அடிக்கணும், இதெல்லாம். நான் முதல்ல போன இடத்துல லேப்டாப்ப மாட்டி இருவது நிமிஷத்துல ஒரு ஃபைல ஏத்தி, அவ்ளோதான் தம்பி எடுத்துட்டு போன்னு அனுப்பிட்டாங்க, ஓட்டிப் பாக்கல, ஓடும்போது இன்ஜின் ரீடிங்க பதிவு பண்ணி லாக் எடுக்கல, என்ன பெட்ரோல் ஊத்துறன்னு கூட கேக்கல. நான் தினமும் ஊத்துற சாதா பெட்ரோல் அப்ப 91 ஆக்டேன்தான். ஆக்டேன்னா தானா வெடிக்காம பெட்ரோல் எவ்ளோ தாங்கும்ங்கற அளவு. ஏத்துன ஃபைலோ அதுக்கு மேல ஆக்டேன் இருக்கும்னு நினைச்சு எழுதுனது. நான் இன்ஜின் கம்ப்யூட்டர படிக்கற ஒரு ஓபிடி ஸ்கேனர் வாங்கி மாட்டி மூணாவது கியர்ல ஃபுல் த்ராட்டில்ல லாக் எடுத்துப் பாத்தா, ஒரு சிலிண்டர்ல ஏழு டிகிரி வரைக்கும் டைமிங்க, அதாவது ஸ்பார்க் அடிக்கற நேரத்த, இன்ஜினே பின்னால இழுக்குது. நாக்கிங். அதாவது பெட்ரோல் தப்பான நேரத்துல தானா வெடிக்குது, நாக் சென்சார் அத கேட்டுட்டு இன்ஜின காப்பாத்த டைமிங்க குறைக்குது. அந்த சென்சார் மட்டும் இல்லன்னா பிஸ்டன் போயிருக்கும். வண்டி வேகமா போற மாதிரிதான் இருந்துச்சு, உள்ளுக்குள்ள அழுதுட்டு இருந்திருக்கு, எனக்குத் தெரியவே இல்ல.

அப்புறம் வேற ஒரு அண்ணன்கிட்ட போனேன், சின்ன ஷெட்தான், ஆனா மனுஷன் ஒரு நாள் முழுக்க என் கூட உக்காந்தாரு. 95 ஆக்டேனுக்கு ஏத்த மாதிரி மேப்ப திருத்துனாரு, ஈவென்ட் அன்னைக்கு மட்டும் 100 ஆக்டேன் ஊத்திக்கோ, அது பவருக்கு இல்ல, பாதுகாப்புக்குன்னு சொன்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு, இத டிஎஸ்ஐ மாதிரி சின்ன டர்போ வண்டி வெச்சிருக்க எல்லாரும் மனசுல வெச்சுக்கணும்: டாப் கியர்ல 1500 ஆர்பிஎம்ல ஊர்ந்துட்டு போகும்போது டக்குனு ஃபுல்லா மிதிக்கவே கூடாது. கம்மி ஆர்பிஎம்ல டர்போ பிரஷர் ஏறும்போது ஸ்பார்க்குக்கு முன்னாடியே தீப்புடிச்சா அத எந்த சென்சாரும் தடுக்க முடியாது, ஒரே அடியில பிஸ்டன் உடையும். கியர கொறச்சிட்டு மிதி.

கேட்டலிடிக் கன்வெர்ட்டர தூக்கிட்டு வெறும் பைப் போட்டா இன்னும் பத்து ஹெச்பி வரும்னு பலர் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன். நம்ம தெருவுல குழந்தைங்க விளையாடுது, அந்தப் புகைய அதுங்க மூஞ்சில விட்டுத்தான் நான் வேகமா போகணும்னு இல்ல.

சரி, 60 அடிக்கு வர்றேன். அண்ணன் நான் கோட்டுலருந்து கிளம்புற லாஞ்ச் வீடியோவ பாத்துட்டு முதல்ல கேட்ட கேள்வி, பவர் இருக்கு, அது ரோட்ல எறங்குதா தம்பி? எறங்கல. பஸ் டக்குனு கிளம்புனா நிக்கிறவங்க பின்னாடி சாய்வாங்கல்ல, அதே மாதிரி கார் கிளம்பும்போது வெயிட்டு பின்னாடி போகும், மூக்கு தூக்கும். பின் சக்கரம் இழுக்கற வண்டிக்கு அது வரம். போலோ முன் சக்கரம் இழுக்கற வண்டி, அதுக்கு அது சாபம், எந்த டயர் இழுக்கணுமோ அந்த டயர்லருந்தே வெயிட்டு போயிடுது. டயர் சுத்தும், புகை வரும், பாக்குறவங்க விசில் அடிப்பாங்க, வண்டி மட்டும் நகராது.

அண்ணன் வண்டிய லிஃப்ட்ல ஏத்தி கீழருந்து ஒரு பாகத்த காட்டுனாரு. டாக்போன் மவுன்ட்னு சொல்வாங்க, நாய் கடிக்கிற எலும்பு மாதிரியே இருக்கும், இன்ஜின் முன்னும் பின்னும் ஆடாம புடிச்சு வெக்கறது. அதுல நடுவுல ரப்பர், அந்த ரப்பருக்குள்ள வேணும்னே இடைவெளி விட்டிருப்பாங்க, அதிர்வு உள்ள வரக்கூடாதுன்னு. ஒரு இரும்பு லிவர வெச்சு தள்ளுனாரு, மொத்த இன்ஜினும் தொட்டில் மாதிரி ஆடுச்சு. நான் கிளட்ச விட்டதும் இன்ஜின் முதல்ல இப்படி ஆடி, அப்புறம் திரும்ப வந்து, அந்த ஆட்டத்துல டயர் புடிச்சு விட்டு, புடிச்சு விட்டு, தட தடன்னு குதிக்குது. வீல் ஹாப். அந்த இடைவெளிய அடைக்கற மாதிரி ஒரு பாலியூரித்தேன் இன்செர்ட், உள்ளங்கைல அடங்கிடும், விலையும் ஒண்ணும் பெருசில்ல, அத வெச்சு ரெண்டு போல்ட்ட முறுக்குனாரு, அரை மணி நேர வேலை. ஐடில்ல நிக்கும்போது ஸ்டியரிங் கொஞ்சம் உதறுது, வீட்ல கேட்டாங்க, பழகிடுச்சு. ரீமேப்புக்கு குடுத்த காசுல பத்துல ஒரு பங்கு கூட ஆகல, ஆனா ரீமேப் குடுக்காத நேரத்த இது குடுத்துச்சு.

அப்புறம் டயர். 16 இன்ச் அலாய கழட்டிட்டு 15 இன்ச்ல 195/55 போட்டோம், நல்ல சாஃப்ட் காம்பவுண்ட். சக்கரம் வெயிட்டும் கம்மி, சுத்தளவும் நாலு சதவீதம் கம்மி, அதனால கிளம்பும்போது கியரே கொஞ்சம் குட்டையான மாதிரி இழுக்கும். ஈவென்ட்ல முன்னாடி காத்து 25, பின்னாடி 38. முன்னாடி கம்மியா வெச்சா டயர் அகலமா ரோட்ல படியும், பின்னாடி ஜாஸ்தி வெச்சா சைடு ஆடாம உருளும். முடிஞ்சதும் மறக்காம காத்த சரி பண்ணிட்டுத்தான் வெளிய ரோட்டுக்கு வரணும். ஸ்டெப்னி, ஜாக்கி, மேட்டு, டிக்கில கெடந்த குடை வரைக்கும் எடுத்து வெளிய வெச்சேன்.

இன்னொரு விஷயம் நம்ம ஊர் வெயில். டர்போ தள்ளுற சூடான காத்த குளிர வெக்கறது இன்டர்கூலர். இந்த இன்ஜின்ல அது முன்னாடி பம்பர்ல இல்ல, இன்ஜினுக்கு காத்து போற இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளயே இருக்கு, தண்ணில குளிர்ற டைப்பு. சின்னதா நல்லா வேலை செய்யும், ஆனா வரிசையில இன்ஜின ஓட விட்டுட்டே நின்னா அந்தத் தண்ணியே சூடாகிடும், அப்புறம் குளிர வெக்க எது இருக்கு? வெளிய காத்து சூடு மூணு டிகிரி ஏறுனா காத்தோட அடர்த்தி ஒரு சதவீதம் குறையும், அதோட இதுவும் சேந்தா மத்தியானம் ஓட்டுற ரன் எல்லாம் வீண். அதனால காலைல முதல் ஆளா போய் நின்னேன், என் முறை வர்ற வரைக்கும் இன்ஜின ஆஃப் பண்ணிட்டு வண்டிய கையாலதான் தள்ளிட்டு போனேன்.

இத எல்லாம் ஈசிஆர்ல ராத்திரி பண்ணா என்னன்னு கேக்கற தம்பிங்களுக்கு ஒரு வார்த்தை. பொது ரோட்ல ரேஸ் ஓட்டுனா மோட்டார் வாகன சட்டம் 189வது பிரிவு, முதல் தடவைக்கே மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 5000 ரூபாய் வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டுமே, 2019ல கூட்டிட்டாங்க. ஆனா நான் சொல்றது அதுக்காக இல்ல. அங்க டீ குடிச்சிட்டு ரோட்ட தாண்டுற ஒரு பெரியவருக்கு உன் வண்டி 130ல வருதுன்னு தெரியாது, அவரு உன் ரேஸ்ல கலந்துக்க பேர் குடுக்கல. நமக்கு இடமே இல்லன்னு சொல்ல முடியாது. எங்க பெரியப்பா சோழவரத்துல, ரெண்டாம் உலகப் போர் காலத்து ஏர்ஸ்ட்ரிப்ல, வெயில்ல நின்னு ரேஸ் பாத்த ஆளு. 1990லருந்து இருங்காட்டுக்கோட்டைல சர்க்யூட்டே இருக்கு. கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. மெட்ராஸ்ல பொறந்தவனுக்கு இது பெரிய கொடுப்பினை, வருஷத்துக்கு ரெண்டு தடவ கிடைச்சாலும் காத்திருந்து போ. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ, சர்க்யூட்ல ரேஸ் ஓட்டும்போது அடிபட்டா சாதாரண கார் இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது, பாலிசிலயே எழுதியிருக்கு. உடைஞ்சா நம்ம காசுதான்னு தெரிஞ்சேதான் கோட்டுல நிக்கறோம்.

இப்ப அந்த ரன். ஹெல்மெட் போட்டா இன்ஜின் சத்தம் எங்கயோ தூரத்துல கேக்கற மாதிரி ஆயிடும், அதனால ஆர்பிஎம் முள்ள கண்ணாலதான் பாக்கணும். மெதுவா உருட்டி முதல் லைட்ட எரிய வெச்சேன், இன்னும் ஒரு சாண் உருட்டி ரெண்டாவது லைட்டு எரிஞ்ச உடனே நிறுத்திட்டேன். அதுக்கு மேல ஒரு இன்ச் போகக் கூடாது, ஏன்னா டயர் அந்த ஒளிக்கோட்ட விட்டு விலகும்போதுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், கோட்டோட ஆரம்பத்துலயே நின்னா அந்த கொஞ்சூண்டு தூரம் நமக்கு ஓசி ஓட்டம். 2500 ஆர்பிஎம்ல புடிச்சேன். போன தடவ 4500ல வெச்சு கிளட்ச சடார்னு விட்டேன், அதான் தப்பு. மஞ்சள் லைட்டு ஒண்ணு, அரை செகண்ட், ரெண்டு, அரை செகண்ட், மூணாவது எரியும்போதே கால எடுக்கணும், பச்சைய பாத்துட்டு கிளம்புனா லேட்டு. கிளட்ச பாதி வரைக்கும் வேகமா, அங்கருந்து கடைசி வரைக்கும் மெதுவா, பால் பொங்கும்போது அடுப்ப குறைக்கற மாதிரி. டயர் ஒரே ஒரு தடவ கீச்சுன்னுச்சு, அப்புறம் புடிச்சுது. குதிக்கல. முதுகு சீட்ல ஒட்டுச்சு.

பக்கத்துல இருந்தது ஸ்கோடா ஆக்டேவியா, டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர், என்னோடத விட பவர் ரொம்ப ஜாஸ்தி. பாதி தூரம் வரைக்கும் அவரு கண்ணாடிலதான் தெரிஞ்சாரு, அப்புறம் பின் கதவு கிட்ட, அப்புறம் என் தோளுக்கு நேரா வந்துட்டே இருக்காரு, கோடு வந்துருச்சு. எனக்கு 16.2, 139 கிலோமீட்டர், 60 அடி 2.35. அவருக்கு 16.0. ஆனா லைட்டுக்கு நான் 0.38ல கிளம்பியிருக்கேன், அவரு 0.74. கூட்டிப் பாருங்க, 16.58க்கு 16.74. வேகமான வண்டி அவரோடது, முதல்ல கோட்ட தாண்டுனது என் போலோ. இறங்கி வந்து கைய குடுத்துட்டு, தம்பி கிளம்புனது சூப்பர்னு சொன்னாரு. வண்டி சூப்பர்னு சொல்லியிருந்தா கூட எனக்கு இவ்ளோ சந்தோஷம் இருந்திருக்காது.

அதே நாள் கடைசி ரன்ல நாலாவது கியர் போட்டதும் ஆர்பிஎம் மேல போச்சு, ஸ்பீடு ஏறல, கருகுன வாசனை வந்துச்சு. கம்பெனி கிளட்ச், 175 என்எம்முக்கு செஞ்சது, பாவம் அது எவ்ளோதான் தாங்கும். நேத்து ஷெட்ல கியர்பாக்ஸ் இறக்கியாச்சு, டிஸ்க் ஒரு பக்கம் நீலமா கறுத்துப் போய் இருக்கு. அண்ணன் அத கையில வெச்சு திருப்பிப் பாத்துட்டு, கிளட்ச் உரசுற ஃப்ளைவீல் தப்பிச்சிருச்சுன்னு சொன்னாரு. வெள்ளிக்கிழமை புது கிளட்ச் வருது, ஐநூறு கிலோமீட்டர் பதமா ஓட்டி செட் பண்ணணுமாம், அது வரைக்கும் ஆபீஸுக்கும் வீட்டுக்கும்தான்.