பீரோவுக்குப் பின்னால் ஓர் அறை: பெர்லின், ரோசென்தாலர் தெரு 39

பெர்லினில் ஹாக்கெஷர் மார்க்ட் ரயில் நிலையத்தில் இறங்கினால் ரோசென்தாலர் தெரு 39 நடக்கிற தூரம்தான். பக்கத்திலிருக்கும் ஹாக்கெஷே ஹோஃபே வளாகத்தைப் பளபளவென்று புதுப்பித்துக் கடைகளால் நிரப்பிவிட்டார்கள். 39-ஐ மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். காரை உதிர்ந்த சுவர், அதன்மேல் இடம் விடாமல் கிராஃபிட்டி. முற்றத்துக்குள் ஒரு சினிமா தியேட்டரும் ஆன் ஃபிராங்க் மையமும் இருக்கின்றன. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஆன் ஃபிராங்க் பெயரைப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்று தோன்றியது. டைரி எழுதிய யூதச் சிறுமி ஆன், நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்தது ஆம்ஸ்டர்டாமில். இங்கே இருப்பது கண்காட்சி மட்டும். ஆனால் ஒரு யூதக் குடும்பம் நிஜமாகவே ஒளிந்து வாழ்ந்த அறை இதே முற்றத்தில், ஒரு பழைய படிக்கட்டின் முதல் மாடியில் இருக்கிறது. அங்கே கூட்டமே இல்லை.

ஓட்டோ வைட் என்ற யூதரல்லாத ஜெர்மானியர் நடத்திய பிரஷ் பட்டறை அது, இப்போது அருங்காட்சியகம். 1883-ல் பிறந்தவர். சுவருக்குக் காகிதம் ஒட்டும் தொழிலில் இருந்தவர், பார்வை போய்க்கொண்டே வந்ததால் துடைப்பமும் பிரஷ்ஷும் செய்யக் கற்றுக்கொண்டார். 1940-ல் பட்டறையை இங்கே மாற்றினார். சுமார் 30 பேர் வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் கண் தெரியாத அல்லது காது கேளாத யூதர்கள். மரப்பலகையில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றிலும் குதிரை மயிர்க் கொத்தை மடித்துக் கம்பியால் இழுத்து இறுக்க வேண்டும். விரல் நுனி பழகிவிட்டால் போதும், கண் தேவையில்லை.

ராணுவத்துக்குத் துடைப்பம் செய்து கொடுத்ததால் பட்டறைக்குப் 'போருக்கு அவசியமான தொழிற்சாலை' என்ற அந்தஸ்து கிடைத்தது. கொஞ்சம் சரக்கு ராணுவத்துக்கு, மீதி கள்ளச் சந்தைக்கு. போர்க்காலத்தில் பிரஷ்ஷுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. அதை விற்ற பணத்தில் சாப்பாடு, போலிப் பத்திரங்கள், கெஸ்டப்போ என்ற நாஜி ரகசியப் போலீஸ் அதிகாரிகளுக்கு லஞ்சம். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனதே இதனால்தான். மகான் மாதிரி நடந்துகொள்ளவில்லை. நல்ல வியாபாரியாக, துணிந்து பொய் சொல்பவராக இருந்தார். ஒருமுறை அவருடைய தொழிலாளர்களைப் பிடித்து, பக்கத்திலிருக்கும் கிரோஸெ ஹம்பூர்கர் தெருவின் தடுப்பு முகாமில் அடைத்துவிட்டார்கள். வைட் நேரே அங்கே போனார். இவர்கள் இல்லாமல் ராணுவ ஆர்டரை முடிக்க முடியாது என்று வாதாடினார், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார். யூதர் என்று காட்ட நாஜிகள் கட்டாயமாக்கிய மஞ்சள் நட்சத்திரம் தைத்த சட்டையோடு அவர்களைத் தெருவழியே பட்டறைக்குக் கூட்டிவந்தார்.

ஆனால் லஞ்சம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? 1941 அக்டோபரிலிருந்தே பெர்லின் யூதர்களைக் கிழக்கே அனுப்ப ரயிலேற்றிக்கொண்டிருந்தார்கள். 1943 பிப்ரவரி 27-ல் தொழிற்சாலைகளில் மிச்சமிருந்தவர்களையும் வளைத்துப் பிடித்தார்கள். அப்புறம் ஒரே வழிதான், தலைமறைவு.

பட்டறை ஒரு நீளமான நடை. ஒன்றன்பின் ஒன்றாக அறைகள், பலகை பதித்த தரை. கடைசி அறைக்கு ஜன்னல் கிடையாது. வாசலை மறைத்து ஒரு துணி பீரோவை நிறுத்தி, அதன் பின்பலகையைக் கழற்றியிருந்தார்கள். தொங்கும் கோட்டுகளை விலக்கினால் உள்ளே போகலாம். கைம் ஹார்ன், மனைவி மாக்லா, பிள்ளைகள் மாக்ஸ், ரூத் என நான்கு பேர் 1943-ன் தொடக்கத்திலிருந்து அக்டோபர் வரை இதற்குள் இருந்தார்கள்.

அந்த அறைக்குள் நின்று பார்த்தேன். நாலு பேர் படுத்தால் நடக்க இடம் இருக்காது. தலைமறைவானவருக்கு ரேஷன் அட்டை கிடையாது, ஆகவே ஒவ்வொரு ரொட்டியும் வெளியிலிருந்து திருட்டுத்தனமாக வர வேண்டும். குண்டு விழும் இரவில் மற்றவர்களோடு பதுங்கு அறைக்கு ஓட முடியாது. 'நீங்கள் யார்' என்று ஒருவர் கேட்டால் தீர்ந்தது கதை. சுவருக்கு அந்தப் பக்கம் பகலெல்லாம் பட்டறை ஓடியிருக்கும்.

ஹார்ன் ஒருநாள் வெளியே போனபோது பழைய யூத அறிமுகம் ஒருவரைச் சந்தித்து, நம்பி விஷயத்தைச் சொல்லிவிட்டார் என்கிறார்கள். அந்த ஆள் கெஸ்டப்போவுக்கு ஆள்காட்டியாக வேலை செய்துகொண்டிருந்தார். சில நாளில் வந்துவிட்டார்கள். ஹார்ன் குடும்பம் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டது, நால்வரில் யாரும் திரும்பவில்லை. ஆள்காட்டிகளைத் திட்டுவது சுலபம். அவர்களில் பலரும் தன்னையும் குடும்பத்தையும் ரயிலிலிருந்து காப்பாற்றிக்கொள்ளவே அந்த வேலைக்கு இறங்கினார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் எனக்குக் கோபம் தணியவில்லை.

தப்பியவர்களும் உண்டு. அலுவலகத்தில் வேலை பார்த்த இங்கெ டாய்ட்ச்க்ரோனுக்காக, வேறொரு பெண்ணின் வேலைப் புத்தகத்தை (வேலை பார்க்கத் தேவையான அடையாளப் பத்திரம்) வைட் விலைக்கு வாங்கினார். இங்கெயும் அவர் அம்மாவும் பெர்லினிலும் சுற்றுவட்டாரத்திலும் இடம் மாறி மாறி ஒளிந்து போரைக் கடந்தார்கள். இன்னொரு ஊழியர் அலிஸ் லிஷ்ட், பெற்றோருடன் வைட் வாடகைக்கு எடுத்த ஒரு கிடங்கில் ஒளிந்திருந்தார். அவர்களும் பிடிபட்டு தெரேசியன்ஷ்டாட் போனார்கள். அந்த முகாமுக்கு வைட் 150-க்கும் மேற்பட்ட உணவுப் பொட்டலங்கள் அனுப்பினார். 1944 மே மாதம் ஆஷ்விட்ஸுக்குப் போகும் ரயிலிலிருந்து அலிஸ் ஒரு தபால் அட்டையை வெளியே எறிந்தார். அதை எடுத்த யாரோ ஒருவர் அனுப்பிவைக்க, அது வைட் கையில் சேர்ந்தது. அவர் பிரஷ் விற்க வந்த வியாபாரி என்று சொல்லிக்கொண்டு ஆஷ்விட்ஸ் வரை போனார்! அலிஸ் அதற்குள் கிறிஸ்டியன்ஷ்டாட் முகாமுக்கு மாற்றப்பட்டிருந்தார். வைட் அந்த முகாமுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, உடையும் பணமும் வைத்துவிட்டு, அலிஸுக்குத் தகவல் சேர வழி செய்தார். 1945 ஜனவரியில் அலிஸ் தப்பி பெர்லின் வந்து சேர்ந்தார். அவருடைய பெற்றோர் வரவில்லை.

வைட் 1947-ல் இறந்தார். 1971-ல்தான் இஸ்ரேலின் யூத இனப்படுகொலை நினைவு நிறுவனமான யாட் வாஷெம் அவரைக் கௌரவித்தது. பட்டறை அறைகளை அதன்பிறகும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1990-களின் கடைசியில் மாணவர்கள் சிலர் இங்கே கண்காட்சி வைத்தபோது, அறைகள் ஏறக்குறைய பழையபடியே இருந்தன. கிழக்கு ஜெர்மனி காலத்தில் புதுப்பிக்கக் காசு செலவழிக்காததும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

போகிறவர்களுக்கு: அனுமதி இலவசம். இதே முற்றத்திலிருக்கும் ஆன் ஃபிராங்க் மையத்துக்குப் போகும் முன் இங்கே ஏறிவிடுங்கள், முதல் அறையில் வைட்டும் தொழிலாளர்களும் சேர்ந்து எடுத்த படத்தில் கொஞ்ச நேரம் செலவிடுங்கள். அப்புறம் கிரோஸெ ஹம்பூர்கர் தெருவுக்கு நடந்து பாருங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. வைட் தன் ஆட்களைத் திரும்ப அழைத்துவந்த தூரம் அது.