பின்னா, பென்னா?

சென்னையில், ஃபோனில் அமெரிக்கர்களோடு பேசும் ராத்திரி ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் ஆறு வாரமும் வாய்க்குத்தான் பயிற்சி. 'அமெரிக்க உச்சரிப்பு' என்று பெயர். மடக்குக் கட்டிலுக்கு ஒரு 'காட்', பிடித்தான் என்பதற்கு ஒரு 'காட்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். முதல் காட்டுக்கு வாய் திறக்கணும், இரண்டாம் காட்டுக்கு உதடு குவியணும் என்று பயிற்சியாளர் ஒரு வாரம் உயிரை எடுத்தார்.

எனக்கு ஏற்கெனவே ஒரு தடவை வாய் மாறியிருந்தது. ஊர் நாகர்கோவில். சென்னைக்கு வந்த புதிதில் மெஸ்ஸில் "குடிக்க வெள்ளம் தாங்க" என்று கேட்டு, பரிமாறியவர் ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்த்ததிலிருந்து 'தண்ணி'க்கு மாறிக்கொண்டவன். அதனால் இரண்டாம் முறை மாற்றுவது அவ்வளவு வலிக்கவில்லை.

2010-ல் என்னைப் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பினார்கள். ஒரு சூப்பர்மார்க்கெட் நிறுவனத்தின் ஹெல்ப்டெஸ்க். கடைகளில் பில் போடும் கணினி, ஸ்கேனர், பிரிண்டர் எது மக்கர் செய்தாலும் எங்களுக்குத்தான் ஃபோன் வரும். முதல் நாளே தெரிந்துவிட்டது, அந்த ஊரில் யாருக்கும் இரண்டு 'காட்' கிடையாது. இரண்டையும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். என் ஒரு வார உழைப்பு அதோடு போயிற்று.

பக்கத்து மேசையில் ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவர். அங்கே எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்; என் அம்மா வயதுக்காரரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று. பிட்ஸ்பர்க்கிலேயே பிறந்து வளர்ந்தவர். ரப்பர் பேண்டை 'கம்பேண்ட்' என்பார். வழுக்கும் தரை அவருக்கு 'ஸ்லிப்பி', அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவர் 'நெபி'. மேசையை ஒழுங்குபடுத்துவதற்கு 'ரெட் அப்'. டவுன்டவுன் என்பது அவர் வாயில் 'டான்டான்' என்று மணியடித்தது போல வரும். ஊரின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான ஸ்டீலர்ஸ், 'ஸ்டில்லர்ஸ்' ஆகிவிடும்.

பேச்சின் முடிவில் ஒரு 'நாட்' போடுவார். "கடைக்குப் போய் காபி நாட்..." முதலில் இல்லை என்கிறார் என்று நினைத்தேன். 'அண்ட் தட்' தேய்ந்து 'நாட்' ஆகியிருக்கிறது. நம் காபி கீபிதான் அது. "த கார் நீட்ஸ் வாஷ்ட்" என்பார். இலக்கணப்படி நடுவில் 'டு பி' வர வேண்டும். அங்கே யாரும் போடுவதில்லை. பயிற்சியில் இந்தத் தப்பைச் செய்திருந்தால் தொலைந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், 'காரைக் கழுவணும்' என்கிற நமக்கு 'கழுவப்பட வேண்டும்' எதற்கு? அந்த ஊர் இங்கிலீஷில் எனக்கு முதலில் ஒட்டிக்கொண்டது இதுதான்.

அடுத்தது 'யின்ஸ்'. பொது ஆங்கிலத்தில் ஒருத்தருக்கும் யூ, ஒன்பது பேருக்கும் யூ. தெற்கே 'யால்' வைத்துச் சமாளிக்கிறார்கள், பிலடெல்பியா பக்கம் 'யூஸ்'. பிட்ஸ்பர்க்கில் 'யின்ஸ்'. 18-ஆம் நூற்றாண்டில் வட அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஸ்காட்-ஐரிஷ் மக்கள் 'யூ ஒன்ஸ்' என்று சொன்னது சுருங்கி இப்படி ஆனதாம். 'ரெட் அப்'பும் அவர்கள் கொண்டு வந்ததுதான். ஆஹா, 'நீங்க' கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் மேனேஜரிடம் பவ்யமாக "யின்ஸ் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். அவர் தன் பின்னால் திரும்பிப் பார்த்தார். யின்ஸில் பன்மை மட்டும்தான் உண்டு, மரியாதை கிடையாது.

பிட்ஸ்பர்க்கை விடத் தெற்கத்தி அழைப்புகள்தான் என்னைப் படுத்தின. ஒரு சனிக்கிழமை டென்னஸியிலிருந்து ஒரு கடைக்காரப் பெண்மணி. நாலாம் கவுண்டருக்குப் புது 'பின்' வேண்டும் என்றார். காசாளர்கள் உள்ளே நுழைய நாலு இலக்க பின் எண் உண்டு. அவருடைய எண்ணை மாற்றிக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் மறுபடி ஃபோன்: "இன்னும் பின் வரலையே கண்ணு." மறுபடி மாற்றினேன். மூன்றாம் முறை, "வாடிக்கையாளர்கள் எல்லாம் விரலால் கையெழுத்துப் போடுகிறார்கள்" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மூன்றாவது எண்ணையும் கொடுத்தேன்! அவர் நீளமாக மூச்சு விட்டு, "பிளெஸ் யுவர் ஹார்ட்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வாழ்த்திவிட்டுப் போகிறாரே என்று பக்கத்து மேசை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ஹெட்செட் கழன்று விழுந்தது. தெற்கே பாதிப் பேருக்கு மேல் பின்னும் பென்னும் ஒரே ஒலியாம்; குழப்பம் வராமல் இருக்க எழுதும் பேனாவை 'இங்க் பென்' என்று விரித்துச் சொல்வார்களாம். அந்தப் பெண்மணிக்கு வேண்டியிருந்தது கையெழுத்து போடும் பேடில் கயிற்றோடு தொங்கும் பிளாஸ்டிக் பேனா. அதில் ஏது இங்க்? 'பிளெஸ் யுவர் ஹார்ட்' பல சமயம் வாழ்த்தே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. நம்மூரில் 'நல்லா இருடா ராசா' என்று ஒரு தினுசாக இழுத்துச் சொல்வார்களே, அது. பின் எண் ஆளுக்குத்தானே இருக்கும், கவுண்டருக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். காதில் விழுந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டேன்.

'பக்கி' கதையும் இப்படித்தான். பக்கிகள் எல்லாம் லாக் ஆகிவிட்டன என்று ஒரு அழைப்பு. மென்பொருளில்தான் ஏதோ பக், அதாவது பிழை என்று நான் சர்வரைத் தோண்டிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது சாமான் தள்ளும் வண்டியை. சக்கரம் பூட்டிக்கொண்டதற்கு நான் என்ன செய்ய?

நாளாக ஆக எங்களுக்கு அதுவே விளையாட்டாயிற்று. திரையில் கடை எண் வருமுன் எந்த ஊர் அழைப்பு என்று சொல்ல வேண்டும். குளிர்பானத்தை 'பாப்' என்றால் மேற்குப் பென்சில்வேனியா அல்லது ஒஹையோ. 'சோடா' என்றால் கிழக்குப் பக்கம். எந்த பாட்டிலாக இருந்தாலும் 'கோக்' என்றால் தெற்கு. இதையே தொழிலாகச் செய்தவர்கள் உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடெரிக் காசிடி 1965 முதல் 1970 வரை 1,002 ஊர்களுக்கு வேனில் ஆட்களை அனுப்பி, 1,600-க்கு மேற்பட்ட கேள்விகளோடு வட்டாரச் சொற்களைத் திரட்டினார். அவற்றை வைத்துத் தொகுத்த அகராதியின் முதல் தொகுதி 1985-ல் வந்தது. இஸட் வரைக்கும் வர 2012 ஆகிவிட்டது, அதைப் பார்க்க அவர் இல்லை. ஒரு கடத்தல் வழக்கில் மிரட்டல் கடிதத்தில் 'டெவில் ஸ்டிரிப்' என்று இருந்ததாம். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் புல்தரைக்கு ஒஹையோவின் ஆக்ரன் ஊர்ப் பக்கம்தான் அந்தப் பெயர். அந்த ஒரு சொல்லை வைத்து ஒரு மொழியியலாளர் ஆளின் ஊரைச் சொல்லிவிட்டார்.

எனக்கு அதிகம் மனதில் நிற்பது வேறு. ஃபோன் மணி அடித்ததும் பக்கத்து மேசை அம்மாவின் குரல் மாறிவிடும். டான்டான், நேராக டவுன்டவுன் ஆகும். யின்ஸ் காணாமல் போகும். டிவி செய்தியில் வருகிற மாதிரி ஒரு பேச்சு. வைத்த மறு நொடி பழைய வாய் திரும்பிவிடும். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒருநாள் கேட்டேன். "வேலைக்குச் சேர்ந்த முதல் மேனேஜர். 'இரும்பாலைக்காரன் மகள் மாதிரி பேசாதே' என்றார். நான் இரும்பாலைக்காரன் மகள்தானே?" என்றார். அவர் அப்பா வேலை பார்த்த ஹோம்ஸ்டெட் ஆலை 1986-ல் மூடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் கடைத்தெரு. புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. ஸ்டிரிப் டிஸ்டிரிக்ட் சந்தையில் 'யின்ஸ்' என்று அச்சடித்த பனியனைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "பேசினால் கேவலம், சட்டையில் போட்டால் இருபது டாலரா?"

அப்புறம் நான் சென்னைக்குத் திரும்பி அதே ராத்திரி ஷிப்டில், அதே கடைகளுக்கு. ஒருநாள் பிட்ஸ்பர்க் பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர். பேச்சுவாக்கில் "ஸ்கேனர் நீட்ஸ் க்ளீன்ட்" என்று சொல்லிவிட்டேன். அவர் சட்டென்று, "நீ பென் ஹில்ஸ் பையனா?" என்றார். பிட்ஸ்பர்க்கின் புறநகரான பென் ஹில்ஸில் 1970-களில் கட்டிய வெங்கடேஸ்வரா கோயில் இருக்கிறது. சனிக்கிழமை புளியோதரைக்குத் தவறாமல் போவேன். ஆமாம், அந்தப் பக்கம்தான் என்றேன்.

அந்த அழைப்பு தரக் கட்டுப்பாட்டுக்குப் போனது. 'டு பி' விட்டுப்போனதற்கு இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தார்கள்.