ப்ராம்ப்டிங்ல இருந்து லைவ் சவுண்டுக்கு: ஒரு சீரியல் ஆர்ட்டிஸ்ட்டோட அனுபவம்

சீரியல்ல நடிக்கிறவங்க வெப் சீரிஸ், சினிமான்னு போகணும்னு ஆசைப்படும்போது யாரைப் பாக்கணும், எங்க போட்டோ குடுக்கணும்னுதான் முதல்ல கேப்பாங்க. அதுவும் வேணும்தான். ஆனா நான் அந்தப் பக்கம் போனப்போ நிஜமாவே உயிரை வாங்குனது வசனத்தை மனப்பாடம் பண்ணி சொந்தக் குரல்ல பேசுறதுதான். வருஷக்கணக்கா கேமரா முன்னாடி நின்னவங்களுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமான்னு வெளியில இருக்கவங்களுக்குத் தோணும், சீரியல் எடுக்குற விதம் தெரிஞ்சாத்தான் அது புரியும்.

டெய்லி சீரியல்னா வாரத்துக்கு அஞ்சு ஆறு எபிசோட் போயே ஆகணும். காலையில மேக்கப் போட்டுட்டு இருக்கும்போதுதான் சீன் பேப்பர் வரும், சில நாள் லைட்டிங் முடிஞ்சு எல்லாரும் பொசிஷன்ல நின்ன பிறகும் வரும். மனப்பாடம் பண்ண நேரமே கிடையாது, அதுக்குத்தான் ப்ராம்ப்டிங். அசிஸ்டன்ட் டைரக்டர் கேமராவுக்குப் பக்கத்துல நின்னு "இந்த வீட்டு சாவி இனிமே என்கிட்டதான் இருக்கும் அத்தை"ன்னு எந்த ஏத்த இறக்கமும் இல்லாம படிப்பாரு, அவர் குரல் முடியுற இடத்துல நம்ம வாய் ஆரம்பிக்கணும், கண்ணு அத்தை மேலயே இருக்கணும், காது மட்டும் அவர்கிட்ட இருக்கணும், முகத்துல அந்தக் காதுக்கு வேலை நடக்குறதே தெரியக் கூடாது. இதை யாராவது சாதாரணமா பேசுனா எனக்குக் கோவம் வரும். தமிழே தெரியாம கன்னடத்துல இருந்தும் மலையாளத்துல இருந்தும் வந்து, ப்ராம்ப்டிங்கை மட்டும் நம்பி அழுது சிரிச்சு சண்டை போட்டு வீட்டுக்கு வீடு பேர் வாங்குனவங்க எத்தனை பேர் இருக்காங்க. அது பெரிய திறமைங்க.

நாம செட்ல பேசுறது பெரும்பாலும் பைலட் ட்ராக்தான், அதாவது டப்பிங்குக்கு வழிகாட்டியா மட்டும் பதிவாகுற குரல். எடிட் முடிஞ்சதும் டப்பிங் தியேட்டர்ல வேற ஒருத்தங்க நமக்குக் குரல் குடுப்பாங்க. எனக்கும் அப்படித்தான், என் முகம் தெரிஞ்ச எத்தனையோ பேருக்கு என் குரல் தெரியாது. கடையில நின்னு நான் பேசுனா "மேடம், டிவில வேற மாதிரி இருக்கு"ன்னு சொல்லுவாங்க. டப்பிங் ஆர்ட்டிஸ்ட் மேல எனக்கு எப்பவும் மரியாதை உண்டு, நான் சும்மா உதட்டை அசைச்சிருந்த எத்தனையோ சீனை அவங்க மூச்சாலேயே தூக்கி நிறுத்தியிருக்காங்க. கோலங்கள்ல நடிச்ச தீபா வெங்கட் மாதிரி நடிப்பும் டப்பிங்கும் ரெண்டையும் கையில வச்சிருக்கவங்களைப் பாத்தா அவ்ளோ ஆசையா இருக்கும், நயன்தாராவுக்கு நிறைய படத்துல குரல் அவங்கதான்.

கேரக்டர் விஷயத்துல சீரியல் மாதிரி பயிற்சி எங்கயும் கிடைக்காது, இதை அடிச்சு சொல்லுவேன். அண்ணி, நாத்தனார், வக்கீல், போலீஸ், சாமியாடுற அம்மா, எல்லாம் பண்ணியாச்சு. "இனி இவருக்குப் பதில் இவர்"னு கார்டு போட்டு ஒருத்தங்க விட்டுட்டுப் போன கேரக்டர்ல பாதியில ஏறியிருக்கேன், அவங்க நடையையும் பார்வையையும் கொஞ்சம் வச்சுக்கிட்டு நம்மளோடதை மெதுவா உள்ள கொண்டு வரணும், அவசரப்பட்டா ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க. வியாழக்கிழமை டிஆர்பி வந்து, அடுத்த வாரமே நல்லவளா இருந்தவ வில்லியாயிடுவா. நாளைக்கு இவ என்ன பண்ணப் போறான்னு தெரியாமலேயே இன்னைக்கு அவளை நம்பி நடிக்கணும். மெட்டி ஒலி 2002ல வந்தப்போ அதுல நடிச்ச போஸ் வெங்கட் அப்புறம் நிறைய படம் பண்ணி 2020ல கன்னி மாடம்னு ஒரு படத்தையே டைரக்ட் பண்ணிட்டாரு, அதே சீரியல்ல மாணிக்கமா வந்த சேத்தன் 2023ல விடுதலைல போலீஸ் அதிகாரியா வந்து எல்லாரையும் நடுங்க வச்சாரு. அவங்களைப் பாத்துதான் எனக்கும் தைரியம் வந்துச்சு.

ஒரு வெப் சீரிஸுக்கு காஸ்டிங் பண்றவங்க வாட்ஸ்அப்ல ரெண்டு பக்க சீன் அனுப்பி செல்ஃப் டேப், அதாவது நாமளே நடிச்சு போன்ல எடுத்து அனுப்புற ஆடிஷன் வீடியோ கேட்டாங்க. சீரியல்ல ஆடிஷன்னா நேர்ல போவோம், புடவை கட்டி ஒரு லுக் டெஸ்ட், ப்ராம்ப்டிங்கோட ஒரு அழுகை, ஒரு கோவம், அவ்ளோதான். இது வேற. வெறும் சுவரு முன்னாடி நின்னு, போனை படுக்க வச்ச மாதிரி ஸ்டாண்டுல மாட்டி, கண் மட்டத்துல வச்சு, நெஞ்சு வரைக்கும் தெரியுற மாதிரி ஃப்ரேம். முதல்ல பேர், உயரம், நேரா ஒரு பார்வை, ரெண்டு பக்கமும் ப்ரொஃபைல். சீன் பண்ணும்போது லென்ஸைப் பாக்காம, அதை ஒட்டுன மாதிரி நிக்கிறவங்களைப் பாக்கணும். எதிர்ல வசனம் படிக்கிறவங்க சத்தம் கம்மியா படிக்கணும், போனுக்குப் பக்கத்துல இருக்கதால அவங்க குரல்தான் பெருசா விழும். என் தங்கச்சி பொண்ணுதான் படிச்சா, ஒவ்வொரு டேக் முடிஞ்சதும் "பெரியம்மா, புருவத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க"ன்னா. சின்னப் பொண்ணு சொன்னது அப்படியே உண்மை. சீரியல்ல ரியாக்‌ஷன் ஷாட்ல கேமரா நம்ம மேல ரொம்ப நேரம் நிக்கும், அதுக்குப் பழகுன முகம் எல்லாத்தையும் பெருசா காட்டும்.

செலக்ட் ஆனதும் முழு ஸ்கிரிப்ட் வந்துச்சு, கூடவே லைவ் சவுண்ட்னு தகவலும் வந்துச்சு. செட்ல பேசுறதேதான் ஃபைனல், ப்ராம்ப்டிங் கிடையவே கிடையாது, குடுத்தா அந்தக் குரலும் மைக்ல ஏறிடும். இது புது விஷயமும் இல்ல, ஹிந்தியில 2001ல லகான், நம்ம ஊர்ல 2004ல விருமாண்டி எல்லாம் அப்படி எடுத்ததுதான்.

எங்க சீரியல்ல பாட்டியா நடிக்கிற ஒரு அம்மா நாடக மேடையில இருந்து வந்தவங்க, சென்னை தூர்தர்ஷன் செவ்வாய்க்கிழமை நாடகத்துல எல்லாம் நடிச்சவங்க. ஷூட்டிங் பிரேக்ல அவங்ககிட்ட போய் உக்காந்தேன். "ஒன் வசனத்தை அப்புறம் படிடி, மொதல்ல எதிராளி வசனத்தைப் படி"ன்னாங்க. எதிர்ல இருக்கவங்க பேச்சுல எந்த வார்த்தை நம்மளைப் பேச வைக்குதோ அதுல ஒரு கோடு போடச் சொன்னாங்க. அடுத்தது, உணர்ச்சியே இல்லாம, வாய்ப்பாடு மாதிரி, கைவேலை செஞ்சுக்கிட்டே திரும்பத் திரும்பச் சொல்லணும். உணர்ச்சியோட மனப்பாடம் பண்ணா அதே ராகத்துல மனசுல ஒட்டிக்கும், டைரக்டர் வேற மாதிரி கேட்டா மாத்த வராது. துணி மடிச்சுக்கிட்டே, மாடிப்படி ஏறிக்கிட்டே சொல்லிப் பாத்தேன், எங்க தடுக்குதோ அந்த இடத்துல பெரும்பாலும் அந்தக் கேரக்டர் ஏன் அதைப் பேசுறான்னு எனக்கே புரிஞ்சிருக்காது. அதைப் புரிஞ்சுக்கிட்டா வரி தானா வந்துடும். கையால எழுதிப் பாக்குறதும் எனக்கு நல்லா உதவுச்சு.

செட்டுக்குப் போன முதல் நாள் சவுண்ட் டீம்ல இருந்து ஒரு தம்பி வந்து "அக்கா, அந்த வளையலைக் கழட்டிடலாமா"ன்னு கேட்டாரு. புடவைக்கு உள்ள லேப்பல் மைக் ஒட்டுனாங்க, பட்டு மாதிரி மொறமொறன்னு இருக்க துணி உரசுனா சத்தம் வரும்னு காஸ்ட்யூமே பருத்திதான். ஃபேன் ஆஃப், ஃப்ரிட்ஜ் ஆஃப், ரோல் சவுண்ட்னு சொன்னதும் வந்த அமைதி இருக்கே, அது எனக்குப் புதுசு. காது தானாவே கேமரா பக்கம் போகுது, யாராவது வரியை எடுத்துக் குடுப்பாங்கன்னு. எதிர்ல நடிச்சவர் நிதானமா என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு, அந்தப் பார்வையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் முதல் வரியைப் பேசுனேன். கோடு போட்டு வச்ச வார்த்தை அவர் வாயில வந்ததும் அடுத்ததும் வந்துடுச்சு.

கத்துக்கிட்டது இன்னும் இருக்கு. எதிர்ல நடிக்கிறவரோட க்ளோஸப் எடுக்கும்போது நான் அவர் பேச்சு மேல ஏறிப் பேசக் கூடாது, ஏறுனா எடிட்ல பிரிக்க முடியாது. டம்ளரை மேசையில வைக்கும்போது ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் இடையில இருக்க இடைவெளியில வைக்கணும், வார்த்தை மேல வச்சா அந்த வார்த்தை போயிடும். சீன் முடிஞ்சதும் ரூம் டோன்னு சொல்லி அந்த இடத்தோட வெறும் சத்தத்தை மட்டும் ரெக்கார்ட் பண்ணுவாங்க, அப்போ மொத்த யூனிட்டும் அசையாம நிக்கும். குரலைத் தூக்கவும் வேண்டாம், நெஞ்சுலயே மைக் இருக்கு. பக்கத்துல இருக்கவங்ககிட்ட பேசுற அளவுக்குப் பேசுனாலே போதும், நான் கொஞ்சம் கொஞ்சமா அதுக்கு இறங்கி வந்தேன். பேசும்போது என் மூச்சு எங்க நிக்குதுன்னு அப்போதான் எனக்கே கேட்டுச்சு.

டேட்ஸ்தான் அடுத்த தலைவலி. சீரியல்காரங்க மாசத்துல பாதி நாளை பிளாக் பண்ணி வச்சிருப்பாங்க, அதுல ரெண்டு நாள் நகர்ந்தாலும் மொத்த ஷெட்யூலும் ஆடும். புதுசா போறவங்க வாய்ப்பு வந்ததும் சரின்னு சொல்லிடாம, லைவ் சவுண்டா டப்பிங்கா, டப்பிங்னா குரல் குடுக்கப் போறது யாரு, ஸ்கிரிப்ட் எத்தனை நாளைக்கு முன்னாடி கைக்கு வரும், லைன்ஸ் கடைசி நேரத்துல மாறுமான்னு கேட்டுக்கோங்க. பேமென்ட் எப்போங்கிறதையும் மேனேஜர்கிட்ட வாட்ஸ்அப்ல எழுத்துலயே வாங்கிக்கோங்க, ஒரு இடத்துல எனக்கு ரொம்ப நாள் இழுத்தடிச்சாங்க, கையில அந்த மெசேஜ் இருந்ததாலதான் பேச முடிஞ்சுச்சு.

அந்த சீரிஸ் முடிச்சிட்டு மறுபடி சீரியல் செட்டுக்கே வந்துட்டேன், ப்ராம்ப்டிங்கும் அப்படியே நடக்குது, எனக்கு அதுல எந்த வருத்தமும் இல்ல. இப்பல்லாம் சீன் பேப்பர் வந்ததும் எதிர்ல இருக்கவங்க வசனத்துல ஒரு கோடு போட்டுக்குறேன், அசிஸ்டன்ட் டைரக்டர் படிக்கும்போது பாதி வரி எனக்கே வந்துடுது, அதனால கண்ணு எதிராளி மேல முழுசா நிக்குது. அடுத்து ஆரம்பிக்கப் போற சீரியல்ல என் கேரக்டருக்கு நானே டப்பிங் பேசுறேன்னு கேட்டிருக்கேன். மேனேஜர் அண்ணன் சேனல்ல பேசிட்டு சொல்றேன்னு சொல்லியிருக்காரு.