மெழுகு மூடிய தரை: நிலைமின்சாரத்தை விரட்ட நாங்கள் பட்ட பாடு

ஒரகடத்தில் மின்னணுச் சுற்றுப்பலகைகள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் நிலைமின்சாரத் தடுப்புக்குப் பொறுப்பாளராகப் பணியாற்றுகிறேன். சென்ற ஆண்டு ஜனவரி மாதத்தில், இறுதிச் சோதனையில் தோற்கும் பலகைகளின் எண்ணிக்கை திடீரென்று உயர்ந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வரிசையில் இருந்த மூன்று மேசைகளைக் கடந்து வந்தவை என்று தெரிந்ததும், உடலை எர்த்துடன் இணைக்க மணிக்கட்டில் கட்டும் கைப்பட்டைகள், மேசை விரிப்புகள், எர்த்திங் கம்பிகள் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தோம். எதிலும் குறை இல்லை. தரையைக் கடைசியாகத்தான் நினைத்தோம். ஏனென்றால் அது விளக்கொளி தெரியும் அளவுக்குப் பளபளப்பாக, எந்தக் குறையும் சொல்ல முடியாதபடி இருந்தது.

எங்கள் கூடத்தில் பதித்திருப்பது கார்பன் கலந்த வினைல் ஓடு. ஓட்டுக்கு அடியில் மின்கடத்தும் பசையும் செம்புப் பட்டைகளும் உள்ளன. அந்தப் பட்டைகள் கட்டடத்தின் எர்த்திங்குடன் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒருவர் நடக்கும்போது காலணியும் தரையும் ஒட்டிப் பிரிவதால் உண்டாகும் மின்னூட்டம் உடலில் தேங்காமல், காலணியில் மாட்டும் மின்கடத்தும் குதிகால் பட்டை வழியாக ஓட்டுக்கும், ஓட்டிலிருந்து மண்ணுக்கும் இறங்கிவிட வேண்டும். இந்தப் பாதையின் குறுக்கே மின்கடத்தாத ஒரு மெல்லிய படலம் படிந்தாலே போதும், மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் சரியாக இருந்தும் பயனில்லாமல் போய்விடும். யாருக்கும் ஷாக் அடிக்கவில்லையே என்று உற்பத்திப் பிரிவினர் கேட்டார்கள். ஏறத்தாழ 3,000 வோல்ட்டை எட்டும்வரை நம் உடல் அதை உணர்வதே இல்லை. 100 வோல்ட்டுக்கும் குறைவான மின்னிறக்கத்திலேயே கெட்டுவிடும் சில்லுகளோ உண்டு. அதைவிடக் கவலை தருவது, பாதி சேதமடைந்த நிலையில் சோதனையில் தேறி, வாடிக்கையாளரிடம் போய்ச் சில மாதங்களில் செயலிழக்கும் பலகைகள்தான்.

சென்னைப் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம், இங்கே நிலைமின்சாரம் ஒரு பொருட்டல்ல என்ற எண்ணமும் எங்களிடையே இருந்தது. வெளிக்காற்றுக்கு அது பொருந்தலாம். ஆனால் குளிர்சாதனத்தின் சுருள்களில் காற்றின் ஈரம் நீராக மாறி வடிந்துவிடுவதால், கூடத்துக்குள் காற்று உலர்ந்திருக்கும், உலர்ந்த காற்றில் நிலைமின்சாரம் எளிதில் சேரும்.

அமெரிக்க நிலைமின்சாரச் சங்கத்தின் எஸ்20.20 தரநெறிப்படி, தரையிலிருந்து எர்த் வரையிலான மின்தடை 1 கிகா ஓமுக்குள், அதாவது 100 கோடி ஓமுக்குள் இருக்க வேண்டும். சுமார் 2.27 கிலோ எடையுள்ள உருளை வடிவ மின்முனையைத் தரையில் வைத்து ஓர் இரவு முழுவதும் அளந்தோம். நடைபாதையில் 2 கோடி முதல் 5 கோடி ஓம் வரை காட்டிய மீட்டர், அந்த மூன்று மேசைகளுக்கு முன்னால் 2,000 கோடி ஓமைத் தாண்டியது. ஆட்கள் அதிகம் நடக்கும் இடம் நன்றாகவும், நடமாட்டம் குறைந்த இடம் மோசமாகவும் இருந்ததுதான் எங்களுக்குக் கிடைத்த முதல் துப்பு. ஓடு பழுதாகியிருந்தால் தேய்மானம் மிகுந்த நடைபாதை அல்லவா முதலில் கெட்டிருக்க வேண்டும்? எனவே தரையின்மேல் ஏதோ ஒன்று பூசப்பட்டிருக்கிறது, கால்பட்ட இடத்தில் அது தேய்ந்து போயிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தோம்.

மறுநாள் காலை துப்புரவுப் பணியாளர்களின் மேற்பார்வையாளரான அக்காவிடம் கேட்டேன். "டிசம்பர்ல கஸ்டமர் விசிட்டுக்கு தரை கண்ணாடி மாதிரி இருக்கணும்னு சொன்னாங்க சார். வரவேற்பறைக்குப் போடுற பாலிஷைத்தான் இங்கயும் ரெண்டு கோட் போட்டோம்" என்றார். அதோடு, தினமும் துடைக்கும் நீரில் வாசனைக்காக வெள்ளை ஃபினாயில் ஊற்றுவதையும் மறைக்காமல் சொன்னார். இதில் அவர்மீது குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தரை எதற்காகப் போடப்பட்டது என்பதை, அதைத் தினமும் துடைக்கும் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட நாங்கள் சொன்னதில்லை.

முழுக் கூடத்திலும் கைவைக்கும் முன், ஒரு மேசையின் முன்னால் இரண்டே ஓடுகளில் பாலிஷ் நீக்கும் திரவத்தை ஊற்றி, ஊறவிட்டு, தேய்த்து, கழுவி, நன்றாகக் காய்ந்தபின் அளந்தோம். 2,000 கோடி என்றிருந்த தடை 4 கோடி ஓமுக்கு இறங்கியது. ஓடுகளைப் பெயர்த்தெடுக்கத் தேவையில்லை என்று தெரிந்தபோது ஏற்பட்ட நிம்மதி பெரியது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலையை முடிப்பதாகத் திட்டமிட்டோம். முதல் ஞாயிறன்று ஒற்றைத் தட்டு இயந்திரத்தில் கறுப்புத் தேய்ப்பட்டையை மாட்டித் தேய்த்தோம். இரும்பு நார் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அதிலிருந்து உதிரும் நுண்துகள்கள் பலகையில் விழுந்தால் ஷார்ட் சர்க்கியூட் ஆகிவிடும். கரைந்த பாலிஷை ஈர வேக்குவம் கொண்டு உறிஞ்சிவிட்டுத் தண்ணீரால் துடைத்தோம். அன்று மாலை அளவுகள் அத்தனையும் அருமையாக இருந்தன. புதன்கிழமை மீண்டும் அளந்தபோது பல இடங்களில் தடை 300 கோடி ஓமுக்கு ஏறியிருந்தது. இரண்டு தவறுகள் நடந்திருந்தன. ஞாயிறு மாலை ஓட்டில் ஈரம் மிச்சமிருந்ததால் மீட்டர் பொய்யாகக் குறைத்துக் காட்டியது. துடைக்கும் நீரை மாற்றாமல் ஒரே வாளியில் மாப்பை முக்கி முக்கித் துடைத்ததால், கரைத்தெடுத்த பாலிஷே மெல்லிய படலமாகத் திரும்பவும் தரையெங்கும் பரவிவிட்டது. இதைச் செய்யப் போகிறவர்கள் தேய்ப்பதைவிடக் கழுவுவதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். அடுத்த ஞாயிறன்று நல்ல தண்ணீரை இரண்டு முறை விட்டு, ஒவ்வொரு முறையும் முழுவதுமாக உறிஞ்சி எடுத்து, இரவு முழுவதும் குளிர்சாதனத்தை ஓடவிட்டுத் திங்கள் காலையில் அளந்தோம். எல்லா இடங்களும் 10 கோடி ஓமுக்குக் கீழே வந்தன. குதிகால் பட்டை அணிந்து நடந்து பார்த்ததில் உடலின் மின்னழுத்தமும் தரநெறி வகுத்த 100 வோல்ட் எல்லையைத் தாண்டவில்லை.

அதன்பின் தினசரி வேலையை மாற்றினோம். ஃபினாயில் நிறுத்தப்பட்டது, படிவு விடாத நடுநிலைத் துப்புரவுத் திரவத்தை மட்டும், அளவுக் குவளையால் அளந்து கலக்கிறார்கள். அளவு கூடினால் அழுக்கு அதிகம் போகாது, சோப்புப் படலம்தான் மிஞ்சும். கூடத்துக்கென்று நீல நிற மாப்பும் வாளியும் தனியாக உள்ளன. வரவேற்பறை மாப் கதவைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. பளபளப்பு வேண்டும் என்று நிர்வாகம் கேட்டபோது, நிலைமின்சாரம் கடத்தும் தனி வகைப் பாலிஷ் கிடைப்பதைச் சொன்னேன். ஆனால் அதுவும் தேயும், தேயும்போதெல்லாம் அளந்து மறுபடி பூச வேண்டும் என்பதால், பூச்சே இல்லாத ஓடு போதும் என்று முடிவாயிற்று.

மாதந்தோறும் இருபது இடங்களில் அளந்து கூடத்தின் வரைபடத்தில் குறிக்கிறோம். இப்போது மின்முனையை வைப்பவர் அந்த அக்காதான். சென்ற மாதம் ஏழாவது மேசைக்கு முன்னால் தடை 60 கோடி ஓமைத் தொட்டதை அவர்தான் கவனித்து என்னை அழைத்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அங்கே அளவுக் குவளை இல்லாமல் திரவம் ஊற்றியிருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் அந்த இடத்தை நல்ல தண்ணீரால் கழுவி உறிஞ்சி, காய்வதற்காக மின்விசிறியையும் வைத்திருந்தார்கள்.