ஒழுகுவது எந்த இடத்தில்? லேஆஃபுக்குப் பிறகு வேலை தேடுவோருக்கு

வேலை போனவரிடம் எல்லோரும் சொல்வது, "தைரியமா இரு, மனசை விட்றாதே." சொல்பவர்களுக்கு நல்ல மனசுதான். ஆனால் மூன்றாவது வாரம், அறுபது இடத்துக்கு விண்ணப்பித்து ஒரு போன்கூட வராதபோது அந்தத் தைரியத்தை எங்கே போய் வாங்குவது? தேடுகிறவர் சோர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம், எந்த இடத்தில் தவறுகிறது என்று பிடிபடாததுதான். பிடிபட்டுவிட்டால் நாளைக் காலையில் செய்ய ஒரு வேலை கையில் இருக்கும். சென்னையிலோ கோவையிலோ சில வருட அனுபவத்தோடு ஐடி வேலையை இழந்தவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

முதலில் காகிதம். லேஆஃப் செய்தி வந்த அன்றே லேப்டாப் அணுகல் போய்விடக்கூடும். அதனால் பேஸ்லிப்கள், ஃபார்ம் 16 (வரிப் பிடித்தச் சான்று), ஆஃபர் லெட்டர், சம்பள உயர்வுக் கடிதங்கள், அப்ரைசல் கடிதங்கள் எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கோ பென்டிரைவுக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்காக எழுதிய ப்ரோகிராம் கோடு, கிளையன்ட் ஆவணம் எதையும் தொடாதீர்கள். அது வேறு வம்பு. பலர் கோட்டை விடுவது இன்னொன்று: பிஎஃப் கணக்கு, வங்கி, ஆதார் ஆகியவற்றோடு கம்பெனி கொடுத்த சிம் எண் இணைந்திருக்கும். சிம்மைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஓடிபி யாருக்கோ போகும். கொடுக்குமுன் எண்ணை மாற்றிவிடுங்கள்.

அடுத்து, ராஜினாமாக் கடிதம். "நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரெக்கார்டு நல்லா இருக்கும்" என்று ஹெச்ஆர் சொல்வது வழக்கம். ராஜினாமாவாகப் பதிவானால் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கும் வாய்ப்பு அனேகமாக முடிந்தது. சட்டப்படி ஆட்குறைப்பு செய்யப்படும் தொழிலாளருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் உண்டு. நீங்கள் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருவீர்களா என்பது செய்த பணியின் தன்மையைப் பொறுத்தது. மேலாளர்கள் பொதுவாக வரமாட்டார்கள். எப்படியிருந்தாலும், என்ன தருகிறார்கள், எந்தத் தேதிக்குள் தருகிறார்கள் என்று மெயிலில் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். வாய்மொழி வாக்குறுதி கொடுத்த ஹெச்ஆரே அடுத்த மாதம் லேஆஃபில் போயிருப்பார்.

ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தை (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து; இது மொத்தச் சம்பளத்தில் பாதிக்குக் குறைவென்றால் அந்தப் பாதியை) 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 60,000, ஏழு வருடம் என்றால் ஏறத்தாழ 2,42,300 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேல் போன மிச்சத்தை ஒரு முழு வருடமாகக் கணக்கிட வேண்டும். இறுதிக் கணக்குத் தாள் வந்ததும் இதை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பிஎஃப் பணத்தில் அவசரம் வேண்டாம். 2025 அக்டோபரில், பிஎஃப்-ஐ நிர்வகிக்கும் இபிஎஃப்ஓவின் அறங்காவலர் குழு விதிகளை மாற்ற முடிவெடுத்தது: வேலை போனால் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். எடுக்க முடிகிறது என்பதற்காக எடுக்க வேண்டியதில்லை. மொத்தச் சேவை ஐந்து வருடத்துக்குக் குறைவென்றால் எடுக்கும் பணத்துக்கு வரி வரக்கூடும். பழைய கம்பெனி பிஎஃப்-ஐ இந்தக் கணக்குக்கு மாற்றியிருந்தால் அந்த வருடங்களும் சேரும், அதனால் முதலில் அதைச் சரிபாருங்கள். ஓய்வூதியப் பங்கைத் தனியாக எடுத்துவிட்டால், ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்து வருடக் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். நீங்கள் வெளியேறிய தேதியைப் பழைய நிறுவனம் போடாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா போன மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) தளத்தில் நீங்களே அந்தத் தேதியைப் பதியலாம். இந்தத் தேதி இல்லாமல் அடுத்த வேலையின் பின்னணிச் சரிபார்ப்பு சிக்கும்.

கம்பெனி கொடுத்த குரூப் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடியும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப்பட்ட பாலிசிக்கு மாற முடியுமா என்று அந்த நாளுக்கு முன்பே கேளுங்கள். மாற முடிந்தால் பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் கழிவு கிடைக்கும். அப்பா அம்மா அந்த பாலிசியில் இருந்தால் இதை ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டுக் கணக்கு எளிது. கையில் உள்ள பணம் 4,80,000, மாதம் தவிர்க்கவே முடியாத செலவு 60,000 என்றால் எட்டு மாதம். 48,000-க்குக் குறைத்தால் பத்து மாதம். இந்த எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டலாம்; தெரியாத பயத்தைவிடத் தெரிந்த எண் தேவலை. இஎம்ஐ கட்ட முடியாது என்று தெரிந்தால் தவணை திரும்புமுன்பே வங்கியில் பேசுங்கள், திரும்பிய பிறகு பேசினால் அவர்கள் குரலே வேறு. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி ஓட்டாதீர்கள், வருடத்துக்கு 40 சதவீதம் அளவுக்கு வட்டி ஏறும். அந்த நெருக்கடிக்கு நகைக்கடன் எவ்வளவோ மேல். வீட்டில் சொல்லாமல் தினமும் டிபன்பாக்ஸோடு கிளம்பிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சொல்லாதவரை இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

இனி தேடல். ஒரு ஷீட் திறந்து கொள்ளுங்கள். தேதி, நிறுவனம், வேலை எண் (ஜாப் ஐடி), எந்த வழியாகப் போனது, எந்த ரெஸ்யூமே, எந்தக் கட்டத்தில் நின்றது. ஆறு பத்தி போதும். நாற்பது வரிசை நிரம்பியதும் படித்துப் பாருங்கள். மேல்மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் குழாயைக் கட்டம் கட்டமாகத்தானே பார்ப்போம்? இதுவும் அப்படித்தான்.

நாற்பதில் ஒரு அழைப்புகூட இல்லை என்றால், ரெஸ்யூமேயும் புரொஃபைலும்தான் ஒழுகும் இடம். ரெஸ்யூமே பிடிஎஃப்-ஐத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை கலைந்து, கம்பெனி பெயர் ஓரிடமும் தேதி ஓரிடமுமாகக் கிடந்தால் வடிகட்டும் மென்பொருளுக்கும் அப்படியேதான் தெரியும். இரண்டு பத்தி டிசைன், அட்டவணை, திறனை நட்சத்திரத்தால் காட்டும் படங்கள் எல்லாவற்றையும் தூக்குங்கள். வேலை விளம்பரத்தில் உள்ள சொல் உங்கள் ரெஸ்யூமேயில் அதே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். செய்த வேலையாக இருந்தால் மட்டும் சேருங்கள். "பொறுப்பேற்றேன்" என்பதற்குப் பதில் எண்: இரவு ஓடும் பேட்ச் ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டரையாகக் குறைந்தது, மாதம் எத்தனை டிக்கெட், எத்தனை பேர் குழு.

நௌக்ரி வேலைத் தளத்தில் ஆள் தேடுகிறவர்கள் நாலைந்து வடிகட்டிகளைப் போட்டுத்தான் பட்டியலைப் பார்ப்பார்கள்: அனுபவம், ஊர், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் காலம், கடைசியாக எப்போது உள்ளே வந்தார். இதில் உங்களிடம் இருக்கும் துருப்புச் சீட்டு நோட்டீஸ் காலம். வேலையில் இருப்பவருக்கு 60, 90 நாள். நீங்கள் நாளையே சேரலாம். அதை '15 நாள் அல்லது குறைவு' என்று மாற்றாமல் பழைய 90 நாளிலேயே விட்டு வைத்திருப்பவர்கள் ஏராளம். சுயவிவரத்தில் ஒரு வரியையாவது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மாற்றிச் சேமியுங்கள். ஊர்ப் பட்டியலில் பெங்களூரு, ஹைதராபாத்தையும் சேருங்கள், போகத் தயாராக இருந்தால் மட்டும்.

அழைப்பு வருகிறது, முதல் பேச்சோடு நின்றுவிடுகிறது என்றால் சிக்கல் அனேகமாகச் சம்பளம், அல்லது லேஆஃப் பற்றிய பதில். "ஏன் வெளியே வந்தீங்க?" என்பதற்கு இரண்டே வாக்கியம்: எங்கள் ப்ராஜெக்ட் மூடப்பட்டது, அந்தக் குழுவோடு என் பணியும் முடிந்தது, அங்கே கடைசியாகச் செய்தது இது. அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். பழைய மேலாளரைப் பற்றிய குறை மூன்றாவது வாக்கியத்தில்தான் நுழையும். போனில் ரெக்கார்டு செய்து கேளுங்கள். காதுக்குக் கொடுமையாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டே நாளில் சரியாகும்.

டெக்னிக்கல் சுற்றில் நின்றால், ஒவ்வொரு இன்டர்வியூ முடிந்த பத்து நிமிடத்துக்குள் கேட்ட கேள்விகளை எழுதி வையுங்கள். எட்டு பத்து இன்டர்வியூவில் அதே ஏழெட்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதுதான் உங்கள் பாடத்திட்டம். இதற்காக லட்ச ரூபாய் 'வேலை உறுதி' கோர்ஸில் சேராதீர்கள்: பல இடங்களில் அந்தக் கட்டணம் உங்கள் பெயரில் கடனாகப் பதிவாகும், கோர்ஸை விட்டாலும் தவணை விடாது. ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களைக் காசில்லாமல் படிக்கலாம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். வீடியோ இன்டர்வியூவுக்கு முந்தைய நாள், உங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் 11 மணி இன்டர்வியூவை விழுங்கிவிடும்.

எல்லாச் சுற்றும் முடிந்து "சொல்றோம்" என்று நின்றுபோனால், ஒரே புரொஃபைல் ஆள் எடுத்துக் கொடுக்கும் இரண்டு கன்சல்டன்சி வழியாகப் போயிருக்கிறதா என்று ஷீட்டைப் பாருங்கள். இரண்டு பேர் ஒரே ஆளை அனுப்பினால், யாருக்குக் கமிஷன் என்ற தகராறுக்குப் பயந்து நிறுவனம் ஆளையே கழற்றிவிடுவது உண்டு. எந்த கிளையன்ட் என்று சொல்லாமல் ரெஸ்யூமே கேட்பவர்களுக்கு அனுப்பாதீர்கள். ரெஃபரலும் இதே கதை: நீங்களே தளத்தில் விண்ணப்பித்துவிட்டால் பல நிறுவனங்களில் நண்பர் பரிந்துரைத்தாலும் கணக்கில் ஏறாது. முதலில் நண்பர், பிறகு தளம். அவரிடம் "ஏதாவது வேலை இருந்தா சொல்லு மச்சி" என்று கேட்டால் பாவம் அவர் என்ன தேடுவார்? வேலை எண், அதற்கு நீங்கள் ஏன் பொருந்துவீர்கள் என்று இரண்டு வரி, ரெஸ்யூமே மூன்றையும் அனுப்புங்கள். அவர் அதை அப்படியே முன்னனுப்பிவிடுவார்.

ஒரு நாளில் நாலு மணி நேரம் தேடல் போதும். காலையில் புதிதாக வந்த விளம்பரங்களுக்கு ஐந்தாறு விண்ணப்பம், இரண்டு பேருக்குச் செய்தி, இரண்டு மணி நேரம் படிப்பு. பிறகு மூடிவிடுங்கள். இரவு பதினொன்றுக்கு லிங்க்ட்இன் பார்ப்பது தேடலில் சேராது. அது அடுத்தவர் பதவி உயர்வைப் பார்த்து வயிறெரிவது. வீட்டில் உட்கார முடியாதவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியோடு. மதுரைக்காரர்களுக்கு 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். போட்டித்தேர்வுக்குப் படிக்கும் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்தாலே கை தானாக வேலை செய்யும். கல்யாண வீட்டில் "இன்னும் கிடைக்கலையா?" என்று கேட்கும் மாமாவுக்கு, "ரெண்டு இடத்துல பேசிட்டிருக்காங்க மாமா, நீங்க சாப்டீங்களா?" போதும்.

பொதுவாக நவம்பர், டிசம்பரில் அழைப்புகள் மந்தமாகும். கிளையன்ட் நாடுகளில் விடுமுறையும் பட்ஜெட் முடிவும் சேர்ந்து வரும். ஜனவரியில் புது பட்ஜெட், ஏப்ரலுக்குப் பிறகு போனஸ் வாங்கிக் கிளம்புகிறவர்களின் காலியிடங்கள். டிசம்பர் அமைதியை உங்கள் தகுதியின் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வேலை தேடுவோரின் அவசரம் மோசடிக்காரர்களுக்கும் தெரியும். லேப்டாப்புக்கு டெபாசிட், ஆஃபர் லெட்டருக்குக் கட்டணம், வாட்ஸ்அப்பிலேயே முழு இன்டர்வியூ, ஜிமெயில் முகவரியிலிருந்து பெரிய கம்பெனி ஆஃபர்: இதில் ஒன்று இருந்தாலே விலகுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சுற்றுலா விசாவில் அழைத்துப்போய், மியான்மர், கம்போடியா, லாவோஸில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்தது பற்றி வெளியுறவு அமைச்சகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அதில் தமிழ்நாட்டு இளைஞர்களும் சிக்கினார்கள். வெளிநாட்டு ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அந்த அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட்டைக் கையில் எடுக்க வேண்டும்.

ஆஃபர் வந்த பிறகும் சேரும் நாள் வரை மற்ற இன்டர்வியூக்களை நிறுத்தாதீர்கள், சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் கைவிரிக்கும் நிறுவனங்கள் உண்டு. இடைவெளியை மறைக்கத் தேதியை நீட்டிப் போடவும் வேண்டாம். யுஏஎன் பதிவில் மாதம் மாதமாகத் தெரிந்துவிடும், மூன்று மாத இடைவெளிக்காகப் பொதுவாக யாரும் ஆஃபரை ரத்து செய்வதில்லை, பொய்த் தேதிக்குச் செய்வார்கள். சேர்ந்ததும், அதே நிதியாண்டில் பழைய நிறுவனத்தில் வாங்கிய சம்பளத்தைப் புதிய நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் நிலையான கழிவையும் வரி வரம்புகளையும் இரண்டு இடத்திலும் தனித்தனியாகக் கொடுத்து வரியைக் குறைவாகப் பிடிப்பார்கள், ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது அந்த வித்தியாசத்தை வட்டியோடு ஒரே மூச்சில் கட்ட வேண்டி வரும்.